மணி அடித்த பிறகு ஒரு வார்த்தை

மாமியாரின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலி முடிந்து எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்கு வந்திருந்தார்கள். சாமியார் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போய்விட்டார். சொந்தக்காரர்கள் மெழுகுவர்த்தியைக் காற்றுக்குக் கையால் மறைத்தபடி நின்றார்கள். நாத்தனார் சகாயராணி கண்ணைத் துடைத்தாள். அவளுக்கு நிஜமாகவே அழுகை வந்திருந்தது. பெற்ற தாய். துடைத்து முடித்த கைக்குட்டையை அப்படியே செலினிடம் நீட்டினாள்.

“இந்தா புள்ள, வச்சுக்க. கண்ணீர் வராட்டிப் போகுது. அடக்கத்தன்னைக்கு மாதிரி மூக்கையாச்சும் சிந்திக்க. ஊரு பாக்குதுல்ல?”

பக்கத்தில் நின்ற சித்தி முறைக்காரி ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டாள். அவளுடைய மெழுகுவர்த்தி அணைந்தது.

செலினுக்கு முதலில் கோபம் வரவில்லை. நாத்தனார் கேலி செய்வது புதிதில்லை. கல்யாணமாகி ஏழு வருடமாக, குழம்பில் உப்பு தொடங்கி நடக்கிற நடை வரை கேலிதான். ஆனால் இந்தக் கேலி அப்படியல்ல. மாமியார் அடக்கத்தின்போது செலினுக்கு அழுகை வரவில்லை, சபைக்காக மூக்கைச் சிந்திச் சிந்தி நடித்தாள். இதை அவள் உலகத்தில் ஒரே ஒரு ஆளிடம்தான் சொல்லியிருந்தாள். தன் புருஷன் ஜேசுராஜிடம். அதுவும் மாடி அறையில், விடியற்காலையில், மணி அடித்த பிறகு.

ஜேசுராஜ் நாலு கல்லறை தள்ளி யாருடனோ மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். செலின் கைக்குட்டையை வாங்கி மடித்து நாத்தனாரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

“ஈரமா இருக்கு மதினி” என்றாள்.

அந்த மாடி அறையின் கதையைச் சொல்ல வேண்டும்.

சின்னமனூரில் அவர்களுக்கு மாடி வீடு. கீழே சகாயராணி. அவளுடைய புருஷன் வண்டிப்பெரியாறு பக்கம் எஸ்டேட்டில் கண்காணிப்பாளர், வார விடுமுறைக்கு வந்து போவார். மேலே செலினும் ஜேசுராஜும். ஜேசுராஜ் சொந்தமாக ஒரு ஜீப் வைத்து மேகமலைக்குச் சாமான் ஏற்றிப் போவான், இறங்கும்போது ஏலக்காய் மூட்டை கிடைத்தால் ஏற்றி வருவான். செலினுக்குத் தேனியில் ஒரு மருந்துக்கடையில் வேலை.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் அவள் நாலு மாதக் கர்ப்பமாக இருந்தாள். மேகமலையில் எஸ்டேட் தொழிலாளர் லயன் வீட்டில் இருந்த அவளுடைய தோழி பெனிட்டாவின் பெண்குழந்தைக்கு அப்போது ஞானஸ்நானம். செலின்தான் ஞானத்தாய் என்று குழந்தை பிறக்கும் முன்பே பேச்சாகியிருந்தது. ஞானத்தாய் வராமல் குழந்தையை யார் கையில் கொடுத்து ஞானஸ்நானத் தொட்டிக்கு முன்னால் நிறுத்துவது? மாமியார் போக வேண்டாம் என்றாள். ஜேசுராஜும் வேண்டாம் என்றான். சொன்ன வார்த்தை சொன்னதுதான் என்று செலின் கிளம்பினாள். அவன்தான் ஜீப்பை எடுத்தான். அந்த ரோட்டின் குண்டும் குழியும் அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். போகும்போது ஒன்றும் ஆகவில்லை. குழந்தையைக் கையில் வாங்கி, சாத்தானை விட்டுவிடுகிறேன் என்று அதற்காகச் சாமியாரிடம் பதில் சொல்லி, பிரியாணி சாப்பிட்டு இறங்கும்போது, ஒரு கொண்டை ஊசி வளைவில் வயிற்றைப் பிடித்தது. ரோட்டோரம் இறங்கிக் குத்தவைத்து உட்கார்ந்தாள். சின்னமனூர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

“ஞானப்பிள்ளைக்காகச் சொந்தப்பிள்ளைய விட்டுட்டு வந்துருக்கா” என்று மாமியார் ஆஸ்பத்திரி வாசலிலேயே சொன்னாள். பிறகு தெருவிலும் சொன்னாள். ஆறு மாதத்தில் மாமியார் செத்துப்போனாள். அழுகை வராததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

ஜேசுராஜ் எதுவும் சொல்லவில்லை. அதுதான் தொல்லை. சண்டை போட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். அவன் சோறு வேண்டும், சாவி எங்கே, டீசல் போட்டுவிட்டு வருகிறேன் என்று மட்டும் பேசினான். செலின் தலை சீவுவதை விட்டாள். ஒருநாள் மருந்துக்கடையில் சர்க்கரை மாத்திரைக்குப் பதிலாக வேறொன்றை எடுத்து வைத்துவிட்டு, நல்லவேளையாகத் தானே பார்த்துத் திருப்பி எடுத்தாள். அன்றைக்கு அதைக் கவனித்த ஒரு வாடிக்கையாளர்தான் அவளைத் தன்னுடைய வகுப்புக்கு வரச் சொன்னார். தேவயானி என்று பெயர். வங்கி வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, பழனிசெட்டிபட்டியில் பாத்திரக்கடை மாடியில் தம்பதிகளுக்குத் தியானம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

“சண்ட போடுறவக எங்கிட்ட வர மாட்டாக. அவுகளுக்கு நான் தேவையில்ல. பேச்சு நின்னுபோனவகதான் வர்றாக” என்றார்.

செலினுக்குத் தயக்கம். பங்குச் சாமியாரிடம் போய், இந்துக்கள் நடத்தும் தியானத்துக்குப் போகலாமா என்று கேட்டாள். “மூச்சு விடுறதுக்கெல்லாம் எங்கிட்ட அனுமதி கேப்பியா?” என்று அவர் அனுப்பிவைத்தார். ஜேசுராஜ் வர மாட்டான் என்று நினைத்தாள். அவன் ஒன்றுதான் கேட்டான்.

“நம்ம கோயில் தியானம் மாதிரி மூணு நாள் பிரசங்கம் இருக்குமா?”

“பிரசங்கமே கிடையாது. சும்மா உக்காரணும்.”

“அப்பச் சரி.”

முறை எளிதானது. விடியற்காலையில் எதிரெதிரே பாய் போட்டு உட்கார வேண்டும். கண்ணை மூடி இருபது நிமிடம் மூச்சை மட்டும் கவனிக்க வேண்டும். போனில் வைத்த மணி அடித்ததும் கண்ணைத் திறந்து, ஆளுக்கு ஒரே ஒரு வார்த்தை. மனதில் கிடப்பது எதுவோ, அது. கேட்பவர் பதில் சொல்லக்கூடாது. அந்த வார்த்தையை அறைக்கு வெளியே கொண்டுபோகக்கூடாது.

முதல் வாரங்களில் செலினுக்கு முழங்கால் வலி தவிர ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் மெல்ல ஏதோ இளகியது. கண்ணை மூடியதும் எதிரே அவன் உட்கார்ந்திருப்பது உடம்புக்கே தெரிவதுபோல் இருந்தது. அடுப்படிக்குள் நிற்கும்போது வெயில் வாசலுக்கு வந்துவிட்டது முதுகுக்குத் தெரியுமே, அப்படி. அவன் மூச்சும் தன் மூச்சும் ஒன்றாக ஏறி இறங்குவதாக நினைத்துக்கொள்வாள். அது அவளுக்குத் தைரியம் கொடுத்தது. அதில்தான் அவள் வாய் திறந்தாள்.

மணிக்குப் பிறகு அவள் சொன்னவற்றில் எதுவும் சின்னதில்லை. கர்ப்பப் பரிசோதனை அட்டை வாங்க வரும் பெண்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது என்று ஒருநாள். பெனிட்டாவின் குழந்தைக்குப் பிறந்தநாள் சட்டை வாங்கி, அனுப்பப் பிடிக்காமல் துணிப்பெட்டியின் அடியில் போட்டுவிட்டேன் என்று ஒருநாள். உங்கள் அம்மா செத்தபோது அழுகை வரவில்லை என்று ஒருநாள். ஜேசுராஜ் முறைப்படி பதில் சொல்ல மாட்டான். தலையை மட்டும் ஆட்டுவான்.

அவன் சொல்பவை சாதாரணமாக இருக்கும். இடுப்பு வலிக்கிறது, டயர் தேய்ந்துவிட்டது, அம்மா நினைப்பு வந்தது. ஒரே ஒருநாள், வெகுநேரம் தரையைப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

“பிள்ள போனதுக்கு நீ காரணமில்ல செலினு. வண்டி ஓட்டுனது நான்.”

அந்த வார்த்தையில்தான் அவள் எழுந்து உட்கார்ந்தாள். அன்றைக்குப் பேருந்தில் தேனி வரும் வரை அழுதாள். மறுநாள் தலைக்கு எண்ணெய் வைத்தாள். ஒரு மாதம் கழித்து அவனும் அவளும் பழையபடி புருஷன் பொஞ்சாதியானார்கள். வகுப்புக்குப் புதிதாக வருபவர்களிடம் தேவயானி இவர்களைத்தான் காட்டினார். இப்போது இன்னொரு பிள்ளைக்கு முயலலாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். அதை அவனிடம் சொல்வதற்கு ஒரு காலையைத் தேர்ந்தெடுக்க வேண்டியதுதான் பாக்கி.

அந்த நிலையில்தான் கல்லறைத் தோட்டத்தில் கைக்குட்டை நீண்டது.

ஏதோ ஒரு கோபத்தில் அக்காளிடம் ஒருமுறை உளறியிருப்பான் என்று செலின் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆம்பளைகள் அக்காளிடம் உளறுவார்கள். மறுநாள் காலை, மணி அடித்த பிறகு, அதையே தன் வார்த்தையாகக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள்.

மறுநாள் பாயில் உட்கார்ந்து கண்ணை மூடினாள். மூச்சில் மனம் நிற்கவில்லை. கேட்க வேண்டிய வார்த்தையே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. எப்படித் தொடங்குவது, அவன் முகம் எப்படிப் போகும் என்று. முகத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. இத்தனை மாதத்தில் முதல் தடவையாக நடுவில் கண்ணைத் திறந்தாள்.

எதிர்ப்பாயில் யாரும் இல்லை.

கக்கூசுக்குப் போயிருப்பான் என்று நினைத்தாள். அந்தக் கதவு திறந்து கிடந்தது. மாடிக்கதவும் ஒருக்களித்திருந்தது. கீழேயிருந்து டம்ளர் சத்தமும் சகாயராணியின் குரலும் வந்தன. செலின் எழுந்து வெறுங்காலோடு படியிறங்கி, படி திரும்பும் இடத்தில் நின்றாள். அங்கிருந்து நாத்தனார் அடுப்படி தெரியாது. பேச்சு தெளிவாகக் கேட்கும்.

“என்னலே, மேல அம்மணி சமாதியாயிருச்சா?”

“உக்காந்துருக்கா. யக்கா, நேத்து நீ அந்தக் கைக்குட்டய நீட்டுனது தப்பு. அவ மூஞ்சியே சரியில்ல.”

“போடா. அவளுக்குப் புரிஞ்சாத்தான? காப்பிய ஊதிக் குடி, வாயச் சுட்டுக்காத.”

“இன்னைக்கு என்ன சொல்றது?”

“அம்மா நெனப்பு வந்துச்சுன்னு சொல்லு. நேத்துப் பூச முடிஞ்சுருக்குல்ல, பொருத்தமா இருக்கும்.”

“அது போன வாரமே சொல்லிட்டேனே.”

சகாயராணி சிரித்தாள். “ஒனக்கு எம்புட்டுத்தான் நான் சொல்லிக் குடுக்குறது? எனக்கே சரக்குத் தீந்துபோச்சு. இப்பிடிச் சொல்லு. ரோட்டுல ஏறும்போது பயமா இருக்கு, நீ வீட்டுல இருக்கன்னு நெனச்சா பயம் போயிருதுன்னு சொல்லு. பொம்பளைக்கு அது போதும்.”

“நீ வீட்டுல இருக்கன்னு நெனச்சா... அவ கடைக்கில்ல போயிருவா?”

“ஏலே, வீட்டுல இருக்கான்னா வீட்டுலயேவா? வாழ்க்கையிலடா. வாழ்க்கையில.”

அவனும் சிரித்தான். செலின் அந்தச் சிரிப்பைக் கேட்டு வெகுநாளாகியிருந்தது. 

அப்போதே கீழே போயிருக்கலாம். போய் டம்ளரைத் தட்டிவிட்டிருக்கலாம். அவள் திரும்ப மேலே ஏறினாள். பாயில் உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். நடிப்பதற்காக இல்லை. அவன் படியேறி வருவதற்குள் மனம் மாறி வேறு ஏதாவது சொல்ல மாட்டானா என்று ஒரு கேடுகெட்ட ஆசை. கதவு சத்தமில்லாமல் திறந்தது. எத்தனை பழக்கம் இருந்தால் அந்தக் கதவு கிறீச்சிடாமல் திறக்கும் என்பது அப்போதுதான் புரிந்தது. பாயில் அவன் உட்காரும் அசைவு. பிறகு மணி.

கண்ணைத் திறந்தாள். ஜேசுராஜ் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தான். லேசாக மூச்சு வாங்கியது. இத்தனை நாளும் அதைத் தியானத்தின் ஆழம் என்று நினைத்திருந்தாள். படியேறி வந்த இரைப்பு. வாயில் ஏலக்காய் மென்றுகொண்டிருந்தான். மூட்டை ஏற்றுகிறவனுக்கு ஏலக்காய் பழக்கம்தான் என்று அதையும் ஒருநாளும் யோசித்ததில்லை. அது காப்பி வாடையை மறைக்க.

அன்றைக்கு அவன் முறை முதலில். தரையைப் பார்த்தான். எப்போதும் விடும் அந்த இடைவெளியைச் சரியாக விட்டான்.

“மேகமல ரோட்டுல ஏறும்போது பயமா இருக்கு செலினு. நீ இருக்கன்னு நெனச்சா, போயிருது.”

வீட்டில் என்பதை எடுத்துவிட்டிருந்தான். அந்த மட்டுக்கும் சொந்தமாக ஒரு வேலை பார்த்திருந்தான்.

“முடிஞ்சதா?” என்றாள் செலின். “என்னோடது ஒண்ணுதான். நான் படியில நின்னுக்கிட்டிருந்தேன்.”

“எப்ப?”

“மதினி ஒங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுத்தப்ப.”

அவன் முகத்தில் இருந்த தியானம் இறங்கியது. வாயிலிருந்த ஏலக்காயை என்ன செய்வதென்று தெரியாமல் விழுங்கினான்.

“செலினு, இந்தா பாரு...”

“ஒருநாளாச்சும் உக்காந்தீகளா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க.”

“உக்காந்தேன். மொத நாலஞ்சு நாள் உக்காந்தேன். சத்தியமா.”

“அப்புறம்?”

“முடியல. கண்ண மூடுனா அந்த வளைவு வந்துருது. நீ ரோட்டோரம் குத்தவச்சு உக்காந்தது வந்துருது. மூச்சு முட்டுது. ஒருநாள் எந்திரிச்சுக் கீழ போனேன். அக்கா காப்பி குடுத்துச்சு. மறுநாளும் போனேன்.”

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?”

“எப்பிடிச் சொல்ல? மணியடிச்சு நீ கண்ணத் தொறக்கும்போது ஒம்மூஞ்சி அம்புட்டு நல்லா இருந்துச்சு. அதுக்காகத்தான் ஓடி ஓடி வந்து உக்காருவேன். அதக் கெடுக்க மனசு வரல.”

நேற்று அவன் இதைச் சொல்லியிருந்தால் அவள் ஒரு வருடத்துக்கு இதை வைத்துப் பிழைத்திருப்பாள். இப்போது அவனுடைய வாயையே பார்த்தாள்.

“இது ஆரு சொல்லிக் குடுத்தது?”

“இது என்னோடது செலினு! எங்காத்தா மேல சத்தியம்!”

இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எது அவனுடையது, எது அடுப்படியில் தயாரானது என்று பிரித்துப் பார்க்க அவளுக்கு வழியில்லை. இனிமேல் அவன் என்ன சொன்னாலும் இப்படித்தான் நின்று பார்க்க வேண்டியிருக்கும் என்பது, அவன் எழுந்து போனதைவிடவும் பெரிய அநியாயமாகப் பட்டது.

சத்தம் கேட்டுச் சகாயராணி மேலே வந்துவிட்டாள். கையில் கரண்டி இருந்தது. இரண்டு முகத்தையும் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒளிவதற்கோ மழுப்புவதற்கோ அவள் முயலவில்லை.

“ஆமா, நாந்தான் சொல்லிக் குடுத்தேன்” என்றாள். “என்ன இப்ப? அவன் வாயில சின்னதுலருந்தே வார்த்த வராது. பொண்ணு கேட்டு ஒங்க வீட்டுக்கு வந்தப்ப இவனா பேசுனான்? நாந்தான பேசுனேன். அப்ப இனிச்சுச்சுல்ல?”

“நான் இவுககிட்டச் சொன்னதெல்லாம் ஒங்களுக்குத் தெரியுமா மதினி?”

“எனக்கெதுக்கு அதெல்லாம்? காப்பி குடிக்கிறப்பச் சொல்லுவான். கேட்டுக்கிருவேன்.”

“அட்ட வாங்க வர்ற பொம்பளைகளப் பாத்தா வயிறெரியுதுன்னு சொன்னது?”

சகாயராணி கரண்டியைப் பார்த்தாள். அது போதுமான பதில்.

செலினுக்கு மிச்சம் ஒரு கேள்விதான் இருந்தது. அதைக் கேட்காமலே இருந்துவிட்டால், எல்லாம் போனாலும் அந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு நொடி தோன்றியது. இத்தனை மாதமும் தலை சீவியதும், சோறு தின்றதும், இரவில் இவன் பக்கம் திரும்பிப் படுத்ததும் அந்த ஒரு வார்த்தையின் மேல்தான். ஆனால் கேட்காமல் அதை எந்த முகத்தோடு வைத்துக்கொள்வது?

“பிள்ள போனதுக்கு நீ காரணமில்லன்னு ஒருநாள் சொன்னாக. அது?”

சகாயராணிதான் பேசினாள். இந்த முறை குரலில் கேலி இல்லை.

“நீ அப்ப எப்பிடி இருந்தன்னு ஒனக்குத் தெரியாது புள்ள. பேய் மாதிரி மேல நடந்துக்கிட்டே கெடப்ப. மாடியிலருந்து விழுந்துருவியோன்னு நான் கீழ காதக் குடுத்துக்கிட்டுப் படுத்துருப்பேன். இவங்கிட்டச் சொன்னேன், இந்த ஒரு வார்த்தயப் போய்ச் சொல்லுடா, புள்ள பொழச்சுக்கிரும்னு. ஒரு வாரம் கெஞ்சுனேன். பொழச்சியா இல்லையா?”

“பொழச்சேன்.”

“அப்புறம் என்ன?”

“அதே கைதான் கைக்குட்டயும் நீட்டுச்சு.”

“செத்தது எங்காத்தா. அவளுக்காக நீ நடிச்சன்னு கேட்டா எனக்கு எப்பிடி இருக்கும்? வாயிருக்குல்ல, வந்துருச்சு.” சகாயராணிக்குக் கண் கலங்கியது. அதைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். 

அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் கொடுமை. செலினைப் பிழைக்க வைக்க வேண்டும் என்று இந்த வீட்டில் நினைத்தது அவள்தான். செலினைப் பார்த்துச் சிரித்ததும் அவள்தான். புருஷன் நடுவில் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

“மதினி, நீங்க கீழ போங்க” என்றாள் செலின்.

“நான் என்ன சொல்ல வர்றேன்னா...”

“போங்க மதினி. இனிமே அவுகதான் பேசணும்.”

சகாயராணி தம்பியைப் பார்த்தாள். பிறகு போனாள். அவள் அடுப்படிக்குள் நுழையும் சத்தம் கேட்கும் வரை செலின் காத்திருந்தாள். மாடிக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். போனை எடுத்து மணியை நிறுத்தி வைத்தாள். பாயில் உட்காராமல் கட்டிலில் உட்கார்ந்தாள்.

“ஒரு வாரம் கெஞ்சுனேன்னு மதினி சொல்றாக. சொல்றதுக்கு அம்புட்டுக் கஷ்டமா இருந்துச்சுன்னா அது ஒங்க வார்த்த இல்ல. ஒங்க வார்த்த என்ன?”

“விடு செலினு. நடந்தது நடந்துபோச்சு.”

“சொல்லுங்க.”

“எதுக்கு இப்ப...”

“கண்ண மூடுனா வளைவு வருதுன்னீகளே. அதோட சேந்து என்ன வருது?”

அவன் ஜன்னலைப் பார்த்தான். கீழே ஜீப் நின்றது. அதில் ஏறிக் கிளம்பிவிட்டால் தேவலை என்று அவன் நினைப்பது அவளுக்குத் தெரிந்தது. அவள் அசையவில்லை. கடைசியில் அவன் சொன்னான். இடைவெளி விடவில்லை, தரையைப் பார்க்கவில்லை. ஏலக்காய் மூட்டைக்குக் கூலி பேசும்போது வருமே, அந்த அவசரக் குரல்.

“கோவம் வருது. போகாதன்னு சொன்னேன். எங்காத்தாளும் சொன்னா. நீ கேக்கல. எவ பிள்ளைக்கோ ஞானத்தாயா நிக்கணும்னு நின்ன. எம்பிள்ளய ரோட்டுல விட்டுட்டு வந்த. நீதான் காரணம். அன்னைக்கும் அப்பிடித்தான் தோணுச்சு. இன்னைக்கும் அப்பிடித்தான் தோணுது. நானும் மறக்கத்தான் பாக்குறேன், போக மாட்டேங்குது.”

சொல்லி முடித்ததும் அவனே பயந்துபோனான். இரண்டு கையாலும் வாயை மூடிக்கொண்டான். பிறகு அழுதான். பிள்ளை போன அன்றுகூட அவன் அழுது அவள் பார்த்ததில்லை.

செலினுக்கு அடி வாங்கியதுபோல் இருந்தது. ஆனால் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. இது சொல்லிக்கொடுத்ததல்ல. எட்டு மாதத்தில் இந்த அறைக்குள் அவன் பேசிய முதல் வார்த்தை இது. முதல் வாரத்திலேயே, அந்தப் பாயிலேயே, மூச்சு முட்ட முட்ட இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருந்தால் இது அப்போதே வந்திருக்கும். அவள் செத்திருக்கலாம், சண்டை போட்டிருக்கலாம், விட்டுவிட்டுப் போயிருக்கலாம், இல்லை, இரண்டு பேருமாக உட்கார்ந்து அழுது முடித்திருக்கலாம். எதுவானாலும் அது நிஜமாக நடந்ததாக இருந்திருக்கும். அதற்குப் பயந்து அவன் காப்பி குடிக்கப் போய்விட்டான். ஆள் இல்லாத பாய்க்கு எதிரே உட்கார்ந்து இவள் குடும்பம் நடத்தியிருக்கிறாள்.

“இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்” என்றாள்.

“சொல்லியிருந்தா போயிருப்ப.”

“போயிருந்தாலும் போயிருப்பேன்.”

அவள் எழுந்து பீரோவைத் திறந்தாள். ஊருக்குப் போகப் பெட்டி கட்டுகிறாள் என்று நினைத்து அவன் எழுந்து வந்து கையைப் பிடித்தான்.

“போகாத செலினு. ஆத்தா, போகாத.”

“நான் எங்கயும் போகல. எட்டரை மணிக்குக் கடையத் தொறக்கணும்.” கையை விடுவித்துக்கொண்டாள். பீரோவிலிருந்து அவனுடைய இரண்டு கைலியையும் நாலு சட்டையையும் எடுத்துக் கட்டிலில் வைத்தாள். தலையணையை அதன்மேல் வைத்தாள். “நீங்கதான் போறீக. கீழ.”

“கீழயா?”

“தெனமும் போற எடந்தான?”

அவன் அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டு நின்றான். சண்டைக்கு வருவான் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. துணியையும் தலையணையையும் நெஞ்சோடு சேர்த்து அணைத்து எடுத்துக்கொண்டான். தாழ்ப்பாளைத் திறக்கக் கை இல்லாததால் அவள் திறந்துவிட்டாள். முதல் படியில் கால் வைத்தவன் திரும்பினான்.

“நெசத்தச் சொன்னதுக்கா செலினு இது?”

“நெசத்தச் சொன்னதுக்கில்ல. அதுக்கு மட்டும்தான் ஒங்க மேல இன்னும் கொஞ்சம் மரியாத இருக்கு.”

“எப்ப மேல வரலாம்?”

அவள் யோசித்தாள். ஒரு வாரம் என்று சொல்லலாம். ஒருக்காலும் வராதே என்றும் சொல்லலாம். இரண்டுமே சொல்வதற்கு நன்றாக இருந்தன. இரண்டுமே அவள் மனதில் இல்லை.

“தெரியல” என்றாள்.

அவன் இறங்கிப் போனான். கீழே சகாயராணி ஏதோ கேட்பது காதில் விழுந்தது. செலின் குளித்தாள். தலை சீவினாள். எதிரெதிரே கிடந்த இரண்டு பாயையும் எடுக்காமல் நடுவில் நடந்து, வீட்டைப் பூட்டிவிட்டுத் தேனி பேருந்தைப் பிடிக்கப் போனாள்.